லாத்தூர் 1970: வைப்பதா, விற்பதா, குடிப்பதா?

கேள்வி: 1 ஜூன் 2024, பெஸ்தாரி ஜெயா வாசகர்

என் தந்தையார் இங்குள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர். 1984இல் பிரெஞ்சுக்காரத் துரை வேலை முடிந்து ஊர் திரும்பியபோது, தம் பங்களாவிலிருந்து ஓர் ஒயின் போத்தலைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஷத்தோ லாத்தூர், 1970. அப்பா அதைத் திறக்கவே இல்லை. நாற்பது ஆண்டுகளாக அது எங்கள் வீட்டு ஷோகேஸில் நின்றுகொண்டிருக்கிறது. அப்பா சென்ற ஆண்டு தவறிவிட்டார். இணையத்தில் விலையைப் பார்த்த அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். மதுவை வீட்டில் வைத்திருப்பதே வேண்டாம் என்கிறார் அக்கா. எனக்கோ அப்படியே வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. வைக்க வைக்க விலை ஏறும் என்றும் சொல்கிறார்கள். ஐயா ஒரு வழி சொல்ல வேண்டும்.

2 ஜூன்

அண்ணன் பார்த்த விலை உங்கள் போத்தலின் விலை அன்று. பிரான்சிலோ இங்கிலாந்திலோ ஒரு நிலவறையில், ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸில், இருட்டில், படுக்கவைத்த நிலையில் ஐம்பது ஆண்டுகளைக் கழித்த வேறொரு போத்தலின் விலை அது. லேபிளில் அதே பெயரும் அதே ஆண்டும் இருப்பதால் இரண்டும் ஒரே சரக்கு ஆகிவிடாது.

துரை கொடுத்தது உயர்ந்த பொருள் என்பதில் உங்களுக்கு ஐயமே வேண்டாம். பிரான்சின் போர்தோ வட்டாரத்துப் போயாக்கில் இருக்கும் லாத்தூர், அந்த வட்டாரத்து ஒயின்களுக்கு 1855இல் வகுத்த தரவரிசையில் முதல் தரம் பெற்ற நான்கு பண்ணைகளுள் ஒன்று. ஐந்தாவதாக மூத்தோன் என்ற பெயருடைய பண்ணை சேர்ந்தது 1973இல்தான். கபர்னே சோவின்யோன் திராட்சை மிகுந்த, துவர்ப்புக் கூடிய, நீண்ட காலம் தாங்கக்கூடிய ஒயின் அது. 1970 நல்ல விளைச்சல் ஆண்டும்கூட. ஆனால் அது எவ்வளவு காலம் தாங்கும் என்பது, எங்கே வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. நம் வீடுகளின் சராசரி வெப்பத்தை 28 டிகிரி என்று கொண்டால், உங்கள் ஷோகேஸில் கழிந்த நாற்பது ஆண்டு, நிலவறைக் கணக்கில் நூறாண்டையும் தாண்டிவிடுகிறது. அதைவிட மோசமானது வெப்பத்தின் ஏற்ற இறக்கம். பகலில் கூரை காய்ந்து அறை சூடேறும்போது ஒயின் விரிந்து தக்கையை நெருக்கும். விடியற்காலையில் அது சுருங்கும்போது தக்கையின் ஓரமாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஒரு நாளில் இது கடுகளவுதான். அதுவே நாற்பது ஆண்டு விடாமல் நடந்திருக்கிறது.

கோலாலம்பூரில் ஒரு விடுதியின் பானக் கிடங்கில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். ஒரு பெருநாள் விடுமுறையில் அங்கே குளிரூட்டி நின்றுபோய், யாரும் கவனிக்காமலே சில நாள் கழிந்துவிட்டது. கதவைத் திறந்தபோது அடுக்கிலிருந்த போத்தல்கள் சிலவற்றில் தக்கை, போத்தல் வாயை மூடியிருக்கும் உலோக உறையை முட்டிக்கொண்டு ஒரு நெல் உயரம் எழும்பி நின்றது. கழுத்தோரம் கருஞ்சிவப்பாகக் கசிந்து, தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. லேபிள்கள் மட்டும் புத்தம் புதியவையாகவே இருந்தன. அன்று முதல் லேபிளை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன்.

3 ஜூன்

படம் எடுத்து அனுப்புங்கள். போத்தலை ஆட்டாமல், அது நிற்கும் இடத்திலேயே, பின்புறம் டார்ச் லைட்டைப் பிடித்து எடுக்க வேண்டும். ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது, உறையின் தலை தட்டையாக இருக்கிறதா புடைத்திருக்கிறதா, விளக்கொளி ஊடுருவும் இடத்தில் நிறம் என்ன, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். தூசியைத் துடைக்க வேண்டாம், லேபிள் உரிந்துவரும்.

6 ஜூன்

படங்களைப் பார்த்தேன். நான் அஞ்சிய அளவுக்கு இல்லை.

போர்தோ போத்தலுக்கு நேரான கழுத்தும் அதன் கீழே வளைந்த தோளும் இருப்பதால், மட்டத்தைத் தோளை வைத்தே சொல்வது வழக்கம். ஐம்பது ஆண்டு கண்ட போத்தலில் மட்டம் தோளின் உச்சியில் நின்றால் அது இயல்பு. நடுத்தோளுக்கு இறங்கியிருந்தால் ஐயம். தோளின் அடிக்கே போயிருந்தால் பெரும்பாலும் கைகழுவ வேண்டியதுதான். உங்களுடையது நடுத்தோளுக்குச் சற்று மேலே நிற்கிறது. உறை தட்டையாக இருக்கிறது. கசிந்த கறை இல்லை. நிறம் செங்கல் சிவப்பு, ஓரத்தில் பழுப்பு. முழுக்கப் பழுப்பாகியிருந்தால் இந்த உரையாடலை இன்றோடு முடித்திருப்பேன்.

வீடு செங்கல் வீடு என்றும், ரம்புத்தான் மரத்தின் நிழல் நாள் முழுதும் கூரையில் விழும் என்றும், ஷோகேஸ் உட்சுவரை ஒட்டி நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிழல்தான் இத்தனை ஆண்டும் காத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நாற்பது ஆண்டு நின்ற நிலையில் இருந்த தக்கை காய்ந்து உதிர்ந்திருக்காதா என்று வேறொரு வாசகர் கேட்கிறார். உலர்ந்த நாடுகளில் அப்படி நடக்கும். நம் காற்றின் ஈரப்பதம் லேபிளில் பூஞ்சை பிடிக்க வைத்தாலும், தக்கையின் வெளிமுனையை அவ்வளவு எளிதில் காயவிடாது. இரவு பகலாகக் குளிரூட்டி ஓடும் கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் இது நின்றிருந்தால், வெப்பம் குறைந்திருக்கும், ஆனால் தக்கை இன்னும் கெட்டிருக்கும்.

இதனால் விலை திரும்பி வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒயின் உயிரோடு இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

7 ஜூன்

படத்தைப் பார்த்து அண்ணன் போத்தலை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னாராம். வேண்டாம். சமையலறை ஐஸ் பெட்டியின் உட்காற்று மிகவும் உலர்ந்தது. நிற்கும் இடத்திலேயே நிற்கட்டும். கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள்.

8 ஜூன்

கோல சிலாங்கூர் அன்பர் ஒருவர், பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்படிப்பட்ட ஒயின் வருமா, இது போலியாக இருக்கக்கூடாதா என்று கேட்கிறார். வரும். பெஸ்தாரி ஜெயா என்ற புதுப் பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அது பிரெஞ்சுக்காரர்கள் புழங்கிய ஊர். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இந்த ஊரை அடுத்த தெனமாரத்தில் எழுந்ததும், அதை நட்ட ஹென்றி ஃபோகோனியே பிரான்சின் கோன்யாக் வட்டாரத்துக்காரர் என்பதும் இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு, பெல்ஜிய முதலீட்டில் நடந்த தோட்டங்களில் துரைமார் தம் நாட்டு ஒயினை வரவழைத்துக் குடித்ததில் வியப்பில்லை. மேலும், 1984இல் ஒரு கிராணியை ஏமாற்றுவதற்காகப் போலி லாத்தூர் தயாரிக்க எவருக்கும் ஒரு காரணமும் இருந்திருக்காது.

11 ஜூன்

விற்பனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் மதுபானம் விற்க 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே முகநூலில் படம் போட்டு விலை கேட்கும் எண்ணத்தை அண்ணன் இப்போதே விட்டுவிட வேண்டும். ஒரே போத்தல்தானே, அப்பா வைத்துவிட்டுப் போனதுதானே என்ற சமாதானமெல்லாம் அங்கே எடுபடாது.

அடுத்தது வெளிநாட்டு ஏலம். 2008 பிப்ரவரியில் ஹாங்காங் ஒயின் மீதான வரியை முழுவதும் நீக்கியது. ஆசியாவின் பெரிய ஒயின் ஏலங்கள் அங்கே குவிந்ததற்கு அதுவே காரணம். அங்கே முதலில் கேட்பது, இந்தப் போத்தல் வாங்கிய நாள் முதல் எங்கே இருந்தது என்பதைத்தான். உங்கள் விடை: பெஸ்தாரி ஜெயாவில், ஷோகேஸில், நின்றபடி. நேர்மையாக அப்படிச் சொன்னால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வேறுவிதமாகச் சொல்வதற்கு உங்கள் தந்தையாரின் பிள்ளைகள் யாரும் ஒப்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

விற்பதே தவறு என்ற கருத்து எனக்குக் கிடையாது. என்னிடம் கோ தெஸ்தூர்னெல் என்ற போர்தோ ஒயின், 1982ஆம் ஆண்டுடையது, இருந்தது. வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளுக்குப் பின், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி, குளிரூட்டிய வாடகைக் கிடங்கில் வைத்திருந்தேன். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய ஆண்டில் அதை ஏலத்துக்கு அனுப்பினேன். ஏலத்தாரின் தரகு, அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் போக வந்த தொகை, நான் மனத்தில் வைத்திருந்ததைவிடக் குறைவுதான். இருந்தும் கட்டணத்துக்குப் பெரும் உதவியாக இருந்தது. அதைக் குடித்திருக்கலாமே என்று நண்பர்கள் இன்றும் கேட்கிறார்கள். விற்றதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அது விலைபோனதற்குக் காரணம், வாங்கிய ரசீதும் ஆண்டுதோறும் கட்டிய கிடங்கு வாடகைச் சீட்டுகளும் ஒரே உறையில் இருந்ததுதான். ஏலத்தார் போத்தலைத் தொடுவதற்கு முன்பே அந்தச் சீட்டுகளைத்தான் கேட்டார்கள்.

12 ஜூன்

நேற்று இரவு வந்த செய்தி என்னைக் கவலைப்பட வைத்தது. யாரோ ஒருவர் அண்ணனைக் கைப்பேசியில் அழைத்து, மட்டம் எப்படி, எங்கே இருந்தது என்று எதுவும் கேட்காமல், ரொக்கமாகத் தருகிறேன், காலிப் போத்தலாக இருந்தாலும் சரி என்றாராம். அவரிடம் கொடுக்க வேண்டாம்.

காலிப் போத்தலுக்கு ஏன் பணம் தருகிறார்கள் என்று புரிந்துகொள்ள ருடி குர்னியவானின் வழக்கு ஒன்றே போதும். இந்தோனேசியாவைச் சேர்ந்த அவர் அமெரிக்காவில் தம் வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, பழம்பெரும் போத்தல்களில் அடைத்து விற்றார். உணவகங்களில் குடித்து முடித்த போத்தல்களைத் தம் முகவரிக்கு அனுப்பச் சொல்வதும் அவருக்கு வழக்கமாக இருந்தது. பர்கண்டியின் போன்சோ குடும்பம் 1982இல்தான் தயாரிக்கத் தொடங்கிய ஒயினை, 1945 என்ற ஆண்டு ஒட்டி 2008இல் ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, அந்தக் குடும்பத்துக்காரரே நியூயார்க்கில் நேரில் போய் நின்று தடுத்தார். குர்னியவான் 2012இல் கைதாகி, 2013இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2014இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். உங்கள் தந்தையாரிடம் நேர்மையாக வந்த ஒரு போத்தல், நாளை இன்னொருவரை ஏமாற்றப் பயன்படக்கூடாது. குடிப்பதானாலும் சரி, கொட்டுவதானாலும் சரி, அன்றே லேபிளின் குறுக்கே அழியாத மையால் கோடு இழுத்துவிடுங்கள்.

16 ஜூன்

"அப்படியானால் வைத்துக்கொள்கிறேன், என்ன குறைந்துவிடும்" என்று நீங்கள் எழுதியதை இரண்டு மூன்று நாளாக எண்ணிப் பார்த்தேன்.

வைக்க வைக்க விலை ஏறும் என்ற நம்பிக்கை நம் ஊரில் எல்லா மதுவுக்கும் பொதுவாக நிலவுகிறது. பிராந்தியும் விஸ்கியும் காய்ச்சி வடித்தவை. போத்தலில் அடைத்தபின் அவற்றில் பெரிய மாற்றம் நிகழ்வதில்லை. இறக்கிய கள் மறுநாளே புளித்துவிடும் என்பதைத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒயின் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. மெல்ல மெல்ல ஏறி, ஓர் உச்சியில் சில காலம் நின்று, பிறகு இறங்கும். இறங்கத் தொடங்கியது மறுபடி ஏறாது. லாத்தூர் பண்ணையே 2012 முதல், புதிய ஒயினை முன்கூட்டி விற்கும் வழக்கத்தைக் கைவிட்டு, குடிக்கும் பதம் வரும்வரை தன் நிலவறையிலேயே வைத்திருந்து வெளியிடுகிறது. காத்திருப்பதன் அருமை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காத்திருப்பு நிலவறையில் நடக்கிறது.

காட்சிக்கு வைத்த போத்தலுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1985 டிசம்பரில் லண்டன் ஏலமொன்றில், அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெபர்சனுக்கு உரியது என்று சொல்லப்பட்ட 1787ஆம் ஆண்டு லஃபீத் ஒயின் போத்தலை ஃபோர்ப்ஸ் குடும்பத்தார் 1,05,000 பவுனுக்கு வாங்கினார்கள். இதே இடத்திலிருந்து வந்த வேறு போத்தல்கள் உண்மையில் ஜெபர்சனுடையவைதானா என்ற வழக்கு பின்னால் எழுந்தது. அது வேறு கதை. அதற்கு நெடுநாள் முன்பே, காட்சியில் வைத்த இடத்து விளக்கின் சூட்டில் தக்கை காய்ந்து போத்தலுக்குள்ளேயே விழுந்துவிட்டது. அத்தனை பணம் உள்ளவர்களுக்கே அப்படி நடந்தது.

அப்பாவின் நினைவாகப் போத்தல் வேண்டும் என்றால் வைத்திருங்கள், அது முழு நியாயம். அதற்குள் இருக்கும் ஒயினும் வேண்டும் என்றால் காலம் குறைவு. இன்னும் ஐந்து ஆண்டில் மட்டம் நடுத்தோளுக்குக் கீழே போய்விடும் என்று என் அனுபவம் சொல்கிறது.

19 ஜூன்

அக்காவின் பேச்சை அண்ணனும் நீங்களும் ஓரமாக ஒதுக்கிவிட்டதாகத் தெரிகிறது. அது சரியில்லை.

கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் நம் தோட்டக் குடியிருப்பு லயங்களில் எத்தனை குடும்பங்களின் சம்பள நாளை விழுங்கின என்பதைப் பெண்களே அருகிலிருந்து பார்த்தவர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துத் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். உங்கள் ஊரிலிருந்து அது எட்டாத தூரமில்லை. அக்காவின் எதிர்ப்பு அந்த வரலாற்றிலிருந்து வருகிறது. பிரெஞ்சு ஒயின் வேறு, சம்சு வேறு என்று அவரிடம் வாதாடுவது மரியாதை ஆகாது.

படையலில் வைத்துவிடலாம் என்று தாப்பா வாசகர் சொல்கிறார். முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் வைப்பது தோட்டத்து வழக்கந்தான். ஆனால் குடிக்காத மனிதர் ஒருவருக்கு மதுவைப் படைப்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. என் யோசனை இதுதான்: திறப்பதானால் அந்த வீட்டில் திறக்காதீர்கள். ரவாங்கில் இருக்கும் அண்ணன் வீட்டில் திறவுங்கள். திதிக்கும் அதற்கும் நாள் இடைவெளி இருக்கட்டும். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் சரி என்ற பிறகு செய்யுங்கள். துரையை நேரில் அறிந்தவர் யாராவது இருந்தால் அவரையும் அழையுங்கள்.

20 ஜூன்

தோட்டத்து வெளிவேலைகளை மேற்பார்த்த பழைய கண்டக்டர் ஐயா இன்னும் நலமாக இருக்கிறார் என்ற செய்தி மகிழ்ச்சி தருகிறது. அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது என்றால் தீபாவளி வரை தள்ள வேண்டாம்.

24 ஜூன்

அக்கா சம்மதித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இனிச் செய்ய வேண்டியவை.

இரண்டு நாள் முன்னதாகவே போத்தலை நின்ற நிலையிலேயே காரில் கொண்டுபோய், அண்ணன் வீட்டில் குளிரூட்டி உள்ள அறையில் வையுங்கள். வழியில் கலங்கும் வண்டல் மறுபடி அடியில் தங்க அந்த அவகாசம் தேவை. திறக்கும் நாளில் உறையை உதட்டுக்குக் கீழே வெட்டி முழுவதும் எடுத்துவிட வேண்டும். அந்தக் காலத்து உறை ஈயத்தால் ஆனது; ஆகவே போத்தலின் வாயை ஈரத்துணியால் நன்றாகத் துடையுங்கள். சாதாரணத் திருகு திறப்பான் பழைய தக்கையின் நடுவைத் துளைத்து நொறுக்கிவிடும். இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பான் ஒன்று இருக்கிறது: தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தகட்டை, பின் மற்றதை, மாற்றி மாற்றி ஆட்டி இறக்கி, முறுக்கியபடி மேலே இழுக்க வேண்டும். என்னுடையதை நானே கொண்டுவருகிறேன்.

ஊற்றும்போது கழுத்துக்குப் பின்னால் டார்ச் லைட் எரியட்டும். ஒரே சாய்வில், நிறுத்தாமல், கண்ணாடிக் குடுவையில் மெல்ல ஊற்ற வேண்டும். கறுத்த வண்டல் கழுத்துக்கு வரும் நொடியில் நிறுத்திவிட வேண்டும். மணிக்கணக்கில் காற்றாட விடும் வழக்கம் இளம் ஒயினுக்கு உரியது. இந்த வயதில் காற்றுப் பட்டதும் மணம் ஓடிவிடும். உடனே குடிக்க வேண்டும். கெட்டிருந்தால் புளிப்பும் கசப்பும்தான் தெரியும், உடம்புக்கு ஒன்றும் வராது. மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். இருபத்தொரு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு ஊற்ற வேண்டாம்.

14 ஜூலை

முடிவைக் கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

தக்கை பாதியில் முறிந்தது. மேற்பாதி வறண்டு தூளாக வந்தது. கீழ்ப்பாதி கறுத்து, ஊறி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டை இன்னும் ஆழமாக இறக்கி அதையும் எடுத்தோம். முதல் மணம் உலர்திராட்சையும் பழைய மரப்பெட்டியும். கிண்ணத்தின் ஓரத்தில் தேயிலைச் சாயம்போல் ஒரு பழுப்பு. வாயில் வைத்ததும் துவர்ப்பு எல்லாம் அடங்கி மிருதுவாக இருந்தது. விழுங்கியபின் நாக்கில் கொஞ்சம் புளிப்பு நின்றது. நிலவறையில் இருந்த லாத்தூரின் பக்கத்தில் இதை வைக்க முடியாது. ஆனாலும் அது ஒயினாகவே இருந்தது, அதற்குரிய கம்பீரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கால் மணி நேரத்துக்குப் பிறகு வினிகர் வாடை மேலெழத் தொடங்கியது. அதற்குள் குடுவை காலியாகிவிட்டது.

கண்டக்டர் ஐயா இரண்டு மிடறு குடித்தார். துரை மாலையில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உட்காரும்போது, பெரிய கிராணி கூட்டியதை மறுமுறை கூட்டமாட்டார் என்று சொன்னார். அக்காவும் வந்திருந்தார், குடிக்கவில்லை, அந்தப் பேச்சு முழுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். லேபிளின் குறுக்கே கோடு இழுத்தாயிற்று.

ஆயிரக்கணக்கில் பணத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டோமோ என்ற உறுத்தல் அண்ணனுக்கு இன்னும் இருக்கிறதாம். தக்கை முறிந்ததையும் புளிப்பு ஏறியதையும் அவரே கண்டார். அந்தப் பணம் எந்நாளும் அந்தப் போத்தலில் இருக்கவில்லை.

15 ஜூலை

சிலிம் ரிவர் வாசகருக்கு: உங்கள் நிலை முற்றிலும் வேறு. பென்ஃபோல்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் 1990ஆம் ஆண்டு கிரேஞ்ச் ஒயின், வாங்கியது முதல் ஒயினுக்கென்றே உள்ள குளிர்பெட்டியில், ரசீதோடு இருக்கிறது என்கிறீர்கள். லேபிளைப் பாருங்கள்: அந்த ஆண்டிலிருந்துதான் ஹெர்மிட்டாஜ் என்ற சொல் கிரேஞ்ச் பெயரிலிருந்து நீக்கப்பட்டது, உங்களுடையதில் அது இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். அவசரம் எதுவும் இல்லை. விற்கவும் வழி இருக்கிறது, வைக்கவும் வழி இருக்கிறது. மட்டம் இறங்கியிருந்தால், பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட தங்கள் சிவப்பு ஒயின்களைச் சோதித்து, நல்லதாக இருந்தால் நிரப்பி, புதுத் தக்கை போட்டுச் சான்றளிக்கும் முகாம்களை அந்த நிறுவனமே 1991 முதல் பல நகரங்களில் நடத்திவருகிறது. கெட்டுப்போனதற்குச் சான்று கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மட்டம் கழுத்திலேயே நின்றால் அங்கேயும் திறக்கமாட்டார்கள், நீங்களும் தொடாதீர்கள்.